குழிகளை மணலால் மூடவும்

போர்டம்மாவுக்குத் தன் பட்டப்பெயர் மேல் கொஞ்சமும் வருத்தம் கிடையாது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது. அங்கேயே பத்திரமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். ஊர்ச் சங்கத்தின் கோல்ஃப் மைதானத்தில் கவுண்டர் ஜன்னலுக்குப் பின்னால் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். விளையாட வருகிறவர்களின் பெயரைப் பதிவது, வாடகை மட்டைப் பையை எடுத்துக் கொடுப்பது, லாக்கர் சாவியைத் தொலைத்துவிட்டு அசடு வழிய நிற்பவர்களுக்கு மாற்றுச் சாவியோடு இரண்டு வார்த்தை திட்டையும் சேர்த்துக் கொடுப்பது, இவைதான் அவள் வேலை. போர்டு எழுதுவது அந்த வேலையில் சேர்த்தி இல்லை. யாரும் எழுதச் சொன்னதும் இல்லை. அவளால் எழுதாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

சேர்ந்த முதல் மாசத்தில் ஆரம்பித்தது. மைதானத்தின் ஓரத்தில் ஒரு குளம். தினமும் நாலு பேராவது அதில் பந்தை விட்டுவிட்டு, கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு இறங்குவார்கள். ஒருத்தர் வழுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்த அன்றைக்கு, அவள் ஒரு மரப்பலகைக்குப் பச்சைப் பெயின்ட் அடித்து, வெள்ளையில் குண்டு குண்டாக எழுதிக் குளக்கரையில் நட்டாள். ‘இந்தக் குளம் உங்கள் பந்தைத் திருப்பித் தராது. நாங்கள் கேட்டுப் பார்த்தாயிற்று.’ அன்றோடு குளத்தில் இறங்குவது நின்றது. அத்தோடு அவளும் நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

இருபத்தாறு வருஷத்தில் நாற்பத்தோரு போர்டு. விதிகளுக்கு முப்பது, வசதிகளுக்குப் பதினொன்று. பயிற்சி வலைக்குப் பக்கத்தில், ‘வீட்டில் காட்ட முடியாத கோபத்தை இங்கே அடிக்கலாம். வலை தாங்கும்.’ குளியலறை வாசலில், ‘வெந்நீர் உண்டு. எல்லாருக்கும் உண்டு என்பதை நினைவில் வைத்துக் குளிக்கவும்.’ பின்னால் வருகிற குழு வேகமாக ஆடினால் வழி விடவேண்டும் என்கிற விதிக்கு, ‘உங்களுக்குப் பின்னால் நிற்பவர்களும் மனிதர்கள்தான். ஒதுங்கி வழி விடுங்கள், ஒரு வணக்கமும் வையுங்கள்.’ படிக்கிறவர்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே சொன்னபடி செய்தார்கள். முக்கால்வாசிப் பேர் செய்தார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

இவ்வளவு அழகாக வைத்திருந்த இடத்தை அவளுடைய வீட்டுக்காரர் ஒரு நாள்கூட உள்ளே வந்து பார்த்ததில்லை. அவளுக்கு இருந்த ஒரே குறை இதுதான், அது சின்னக் குறையும் அல்ல.

அவர் பஸ் டிரைவர். மைதானத்தின் வேலியை ஒட்டிப் போகிற தடத்தில்தான் இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டுகிறார். காலையில் அவளை வாசலில் இறக்கிவிடுவார். மழை வந்தால் டியூட்டி முடிந்ததும் குடையோடு வந்து கேட்டுக்கு வெளியே பாதி நனைந்துகொண்டு நிற்பார். “உள்ள வந்து நில்லுங்களேன், கரைஞ்சா போயிடுவீங்க?” என்று அவள் ஜன்னலிலிருந்து கத்துவாள். அவர் அசைய மாட்டார். கேட்டில், அவள் எழுதாத போர்டு ஒன்றே ஒன்று இருந்தது. ‘உறுப்பினர்களுக்கு மட்டும்.’ அவ்வளவு போதும் அவருக்கு. நட்டநடு மத்தியானம், ஆள் அரவமே இல்லாத சாலையில், சிவப்பு விளக்குக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்திவிட்டு எறும்பு கடந்து போவதற்கும் காத்திருக்கிற மனுஷன். டிப்போவில் அவருக்குச் ‘சட்டம்’ என்று பெயர். மகள் சின்ன வயதில் உள்ளே வந்து மூலை முடுக்கெல்லாம் ஓடி விளையாடியிருக்கிறாள், இப்போது வேறு ஊரில் வேலையும் பார்க்கிறாள். அப்பா மட்டும் வேலிக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டார்.

வராவிட்டாலும் அவருக்கு அந்த இடம் அத்துப்படி. டயர்க் கடைக்கு மேலே இரண்டு அறை உள்ள வீடு அவர்களுடையது. ஏழு மணிக்கு இரண்டு பேரும் சமையலறையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடும்போது அவள் அன்றைய கதையை ஒன்று விடாமல் சொல்வாள். அவர் ஒன்று விடாமல் கேட்பார். பத்து நாள் கழித்து, “அந்த ஆறாவது குழிக்குப் பக்கத்துல பெஞ்சுக் கால் ஆடுதுன்னியே, ஆணி அடிச்சாங்களா இல்லையா?” என்று விசாரிப்பார். பார்க்காத பெஞ்சுக்கு இத்தனை அக்கறை! அவளுக்குச் சிரிப்பு வரும். தன் வாழ்க்கையில் பாதியை இந்த மனுஷன் கதையாகக் கேட்டே முடித்துவிடுவாரோ என்று பயமாகவும் இருக்கும்.

ஊர்ச் சங்கத்து நிலம் ஊரார் எல்லாருக்கும் பொது. ஆனால் மைதானத்தில் விளையாடுகிறவர்கள் உறுப்பினர் அட்டை வைத்திருந்த நூற்றுச் சொச்சம் பேர்தான். ஞாயிற்றுக்கிழமைக் காலையை மட்டுமாவது எல்லாருக்கும் திறந்துவிடுங்கள் என்று போர்டம்மா கமிட்டிக்கு எழுதினாள். பதில் இல்லை. அடுத்த வருஷமும் எழுதினாள். நாலாவது வருஷம், கடிதம் எழுதி மாளாது என்று நேராகக் கூட்டத்துக்கே போய் நின்றுவிட்டாள்.

கமிட்டித் தலைவர் ஒரு பல் டாக்டர். கறாரான ஆள், அதிகம் பேச மாட்டார். மற்றவர்கள்தான் நாள் முழுக்க அவர் முன்னால் வாயைத் திறக்கிறார்களே, பிறகு அவர் எதற்குத் திறக்க வேண்டும்? எதிர்த்துப் பேசியவர் செயலாளர்.

“விதி தெரியாதவங்க எழுபது பேர் ஒரே நேரத்துல உள்ள வந்தா புல்லு என்னத்துக்கு ஆகும்? ஒரே காலையில மைதானம் மாட்டுக்கொட்டாய் ஆயிடும்” என்றார்.

“தெரியாதவங்களுக்குத்தானே சார் நான் போர்டு எழுதியிருக்கேன்” என்றாள் அவள்.

தலைவர் யோசித்தார். ஒரே ஒரு ஞாயிறு, காலை ஆறு முதல் பன்னிரண்டு வரை, சோதனையாகத் திறப்போம். அன்றைக்கே பன்னிரண்டு மணிக்குக் கமிட்டி கூடி வாக்கெடுக்கும். ஒழுங்காக நடந்திருந்தால் வாராவாரம் உண்டு. இல்லையென்றால் இந்தப் பேச்சை இனி யாரும் எடுக்கக் கூடாது. அவளிடம் விரலை நீட்டிச் சொன்னார். “ஒரே தடவைதான்.”

இந்த இடத்தில் செயலாளரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவர் கெட்டவர் அல்ல. தந்தி ஆபீசில் முப்பது வருஷம் வார்த்தையை எண்ணி எண்ணி வேலை பார்த்தவர். தந்தி போய்விட்டது, எண்ணுகிற பழக்கம் போகவில்லை. வீட்டில் அவர் மனைவியிடம் ‘தண்ணீர்’ என்று ஒரே வார்த்தையில் கேட்பார், அந்த அம்மாளும் ‘பானை’ என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லுவாள் என்று மைதானத்தில் ஒரு பேச்சு உண்டு. அவருக்குப் போர்டம்மாவின் போர்டுகளைக் கண்டாலே உடம்பு கூசும். திறப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது வந்தார்.

“புதுசா வர்றவங்க நின்னு கதை படிக்க மாட்டாங்க. எல்லா போர்டும் மாத்தணும். மூணே வார்த்தை.”

“மூணு வார்த்தையில என்ன சார் சொல்ல முடியும்?”

“சாவுச் செய்தியே ரெண்டு வார்த்தையில அனுப்பியிருக்கேன்.”

வாக்கெடுப்பில் அவர் கையும் வேண்டுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுத உட்கார்ந்தாள். குளக்கரையில் ‘குளத்தில் இறங்கக் கூடாது’ என்று வந்தது. வலைக்குப் பக்கத்தில் ‘பயிற்சி இங்கே மட்டும்’ என்று வந்தது. பிறகு ஒன்பதாவது போர்டு.

மட்டையை வீசும்போது அது சில சமயம் பந்தோடு சேர்த்துக் கை அகலத்துக்குப் புல்லையும் மண்ணையும் பெயர்த்துவிடும். பெயர்ந்த இடத்தை மணலால் மூடினால் பத்து நாளில் புல் வந்துவிடும். அதற்காகவே ஒவ்வொரு பையிலும் ஒரு பாட்டில் மணல் தொங்கும், தீர்ந்தால் நிரப்பிக்கொள்ள அங்கங்கே மணல் பெட்டி இருக்கும். ‘உங்கள் மட்டை பெயர்த்த மண் இந்தப் புல்தரைக்குக் காயம். பாட்டில் மணலைத் தூவி மூடிவிட்டுப் போங்கள், புண்ணியமாகப் போகும்’ என்றுதான் அவள் முதலில் எழுதியிருந்தாள். செயலாளர் சுரண்டிச் சுரண்டி அதை ‘குழிகளை மணலால் மூடவும்’ என்று ஆக்கினார்.

“சார், எந்தக் குழின்னு ஜனங்க கேப்பாங்களே?”

“குழின்னா குழி. யாருக்கும்மா தெரியாது?”

இந்த ஆட்டத்தில் பந்து விழுகிற பள்ளத்துக்கும் குழி என்றுதான் பெயர். அந்த ஊரில் கோல்ஃபே ‘ஒன்பது குழி ஆட்டம்’ என்றுதான் வழங்கியது. அது அந்த நிமிஷத்தில் கேட்டவள் புத்தியிலும் தட்டவில்லை, சொன்னவர் புத்தியிலும் தட்டவில்லை.

ஞாயிறு வந்தது. போர்டம்மா கேட்டிலிருந்த பழைய பலகையின் மேல் ஒரு புது அட்டையைக் கட்டினாள். ‘இன்று எல்லாரும் வரலாம். 6 முதல் 12 வரை.’ திரும்பிப் பார்த்தால் டிரைவர் நிற்கிறார். தேய்த்த சட்டை, பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூ. கூடவே டிப்போவிலிருந்து கண்டக்டர், மெக்கானிக், டைம்கீப்பர். நாலு பேர், ஒரு குழு.

அவர் அட்டையை எழுத்துக் கூட்டாத குறையாகப் படித்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு மணி ஆவதற்கு இன்னும் இரண்டு நிமிஷம் இருந்தது. இரண்டு நிமிஷமும் நின்றுவிட்டு, வலது காலை எடுத்து உள்ளே வைத்தார். போர்டம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சாவிக்கொத்தில் எதையோ தேடினாள். அவளுக்கு அப்போதே கண் கலங்கிவிட்டது, வேலை நேரத்தில் அதைக் காட்ட முடியுமா?

முதல் குழுவே அவர்களுடையது. பத்து நிமிஷத்துக்கு ஒரு குழு வீதம் ஊர் உள்ளே வந்தது. தையற்கடைக்காரர்கள், பள்ளிக்கூட டீச்சர்கள், மாவு மில்காரர் குடும்பம். கால் பந்தா கைப் பந்தா என்று கேட்டவர்கள் எல்லாம் மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ராஜநடை போட்டார்கள். அடித்தது பந்தில் பட்டாலே கைதட்டல். படாவிட்டால் அதைவிடப் பெரிய கைதட்டல். மெக்கானிக்கின் மட்டை கையை விட்டுப் பறந்து பந்தைவிடத் தூரமாகப் போய் விழுந்தது. “மட்டைக்கு எத்தனை பாயின்ட்டு?” என்று அவர் கேட்டார். கவுண்டர் வரைக்கும் சிரிப்பு கேட்டது. ஒரு டீச்சர் விளையாடாமலே வெந்நீரில் குளித்துவிட்டு வந்து, “இந்த வசதி இருக்குன்னு இத்தனை வருஷமா ஏன் யாரும் சொல்லல?” என்று சண்டைக்கு நின்றாள். போர்டம்மாவுக்கு நின்ற இடத்திலேயே ஆடலாம் போல இருந்தது.

ஆறாவது குழுவில் தலைவர், மூன்று தையற்கடைக்காரர்களோடு கிளம்பினார். எல்லாவற்றையும் நேரில் பார்த்துவிட்டு வாக்களிப்பது அவர் திட்டம்.

எட்டு மணிக்குக் கவுண்டர் போன் அடித்தது. தலைவர்தான்.

“ஏம்மா, முதல் குழியில குழி இல்லை.”

“சார்?”

“ரெண்டாவதுலயும் இல்லை. இப்ப மூணாவதுல நிக்கிறேன், இங்கயும் இல்லை. கொடி இருக்கு. குழியைக் காணோம்.”

அவர் சும்மா ஒன்றும் போன் செய்யவில்லை. இருபது அடி தூரத்திலிருந்து அவர் தட்டிய பந்து, வருஷத்தில் ஒரு தடவை கூடி வருகிற மாதிரி, நூல் பிடித்தாற்போல உருண்டு போய்க் கொடிக்கம்பத்தில் ‘டொக்’ என்று முட்டி அங்கேயே நின்றுவிட்டது. “கம்பத்துல பட்டா போதும் சார், முன்னாடி போனவங்க எல்லாரும் அப்படித்தான் ஆடினாங்க” என்று தையற்கடைக்காரர் ஆறுதல் சொன்னாராம். ஆடுகிற யாருக்கும் ஆட்டம் தெரியாது, ஆகவே யாருக்கும் சந்தேகமும் வரவில்லை.

போர்டம்மா புல்லுக்காரரை அனுப்பினாள். மைதானத்துப் புல்லை வெட்டி, தண்ணீர் விட்டு, குழந்தை மாதிரி வளர்க்கிறவர் அவர். கால் மணி நேரத்தில் மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

“யாரோ குழிக்குள்ள மணலைக் கொட்டி மூடி வச்சிருக்காங்கம்மா. கொடி நட்டபடியே இருக்கு, சுத்தி ரொம்ப நேர்த்தியா அடைச்சிருக்கு. ஓரமெல்லாம் விரலால வழிச்சு விட்டு, மேல ரெண்டு தட்டு தட்டி... ஒரு மணல் வெளியில சிந்தல.”

ஓரத்தை விரலால் வழித்து மேலே இரண்டு தட்டுத் தட்டுவது யார் கைவேலை என்று அவளுக்குத் தெரியாதா? வீட்டில் உப்பு ஜாடி, சர்க்கரை டப்பா, மாடியில் பூந்தொட்டி, எதை நிரப்பினாலும் அப்படித்தான் நிரப்புவார்.

போர்டு போட்டிருக்கிறது, மூடவும் என்று. பாட்டில் கொடுத்திருக்கிறார்கள். ஒரு பாட்டில் மணல் ஒரு குழிக்குக் கச்சிதமான அளவாக வேறு இருந்திருக்கும். அந்த மனுஷன் சந்தேகப்படுவாரா?

‘மைதானத்தில் ஓடக் கூடாது’ என்பது ஐந்தாவது போர்டு, அவள் கையால் எழுதியது. அவள் ஓடினாள். புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றி இன்னொரு கையில் வைத்துக்கொண்டு, குறுக்கே விழுந்து ஓடினாள். ஒன்பதாவது குழியில் போய்ப் பிடித்தாள். கண்டக்டர் மரக்கன்று நடுகிறவர் போலக் கொடியை நேராகப் பிடித்துக்கொண்டிருக்க, டைம்கீப்பர் பாட்டிலைக் கவிழ்க்க, டிரைவர் முழந்தாளிட்டு உட்கார்ந்து இரண்டாவது தட்டைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“வந்துட்டியா? இதோட ஒன்பதும் முடிஞ்சுது. ஒண்ணு விடல. வழியில மத்தவங்க விட்டுட்டுப் போன சின்னக் குழிகளையும் சேர்த்து மூடிட்டோம். எத்தனை கிடக்கு தெரியுமா!” என்றார். முகமெல்லாம் பல்.

அவள் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

“என்னங்க... பந்து எதுக்குள்ள விழணும்?”

“குழிக்குள்ள.”

“குழியை மூடிட்டா பின்னாடி வர்றவங்க எதுல போடுவாங்க?”

அவர் குழியைப் பார்த்தார். கொடியைப் பார்த்தார். தூரத்தில் எட்டுக் கொடிகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன, எட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

“நானும் யோசிச்சேன்மா. இது என்ன, தோண்டி வச்சு மூடச் சொல்றாங்களேன்னு. போர்டுல போட்டிருந்துதே.”

கண்டக்டர்தான் முதலில் சிரித்தார். பிறகு மெக்கானிக் கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, நிற்க முடியாமல் சிரித்தார். போர்டம்மா சிரிக்கவில்லை. நாலு வருஷமாகக் கெஞ்சி வாங்கிய ஒரே ஒரு காலை. ‘ஒரே தடவைதான்’ என்று நீட்டிய விரல் அவள் கண் முன்னால் நின்றது. கடைசியில் கெடுத்தது யார்? யாரை உள்ளே கூட்டிவர இத்தனை பாடுபட்டாளோ, அவர். கோபம்கூட வரவில்லை, அழுகைதான் வந்தது.

“அழாத. நாங்கதானே மூடினோம், நாங்களே தோண்டிடுறோம்” என்றார் டிரைவர்.

கேன்டீனிலிருந்து ஸ்பூன்கள் வந்தன. டிப்போக்காரர்கள் நாலு பேரும் முதல் குழிக்குத் திரும்ப நடந்தார்கள். சேதி பரவி டீச்சர்கள் வந்தார்கள், மில்காரர் வந்தார். ஆளுக்கொரு ஸ்பூனும் டம்ளருமாகக் குழிக்கு எட்டுப் பேர் குனிந்து நின்றார்கள். மூன்றாவது குழியில் தலைவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். டிரைவர் நேரே அவரிடம் போனார்.

“நான்தான் சார் மூடினேன். தப்பு என்னுது.”

தலைவர் மெதுவாகக் குனிந்தார். மண்டியிட்டார். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அந்த மணலையே பார்த்தார். விரல் நுனியால் ஓரத்தை ஒரு சுற்றுத் தடவினார்.

“இதை நீங்களே அடைச்சீங்களா?”

“ஆமா சார்.”

“ஒரு இடைவெளி இல்லை.” நிமிர்ந்து டிரைவரை ஏற இறங்கப் பார்த்தார். “முப்பது வருஷமா குழியை அடைக்கிறதுதான் என் தொழில். என் கிளினிக்ல ரெண்டு பேரை வேலைக்கு வச்சிருக்கேன், இந்தச் சுத்தம் வரல.”

சிரிப்பதா, பயப்படுவதா என்று தெரியாமல் தையற்கடைக்காரர்கள் விழித்தார்கள். அதற்குள் மெக்கானிக் ஸ்பூனை நடுவில் குத்தப் போக, தலைவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “நடுவுல குத்தாதீங்க! ஓரத்துல இருந்து. ஓரத்துல இருந்து சுரண்டிக்கிட்டே வாங்க. கொடுங்க இப்படி.” ஸ்பூனைப் பிடுங்கித் தானே உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்து ஒன்பதாவது வரை அவர்தான் முன்னால் போனார். “கொஞ்சம் தண்ணி காட்டுங்க”, “வெளிச்சத்தை மறைக்காதீங்க” என்று மைதானமே அவர் கிளினிக் ஆகிவிட்டது. பத்தே முக்காலுக்கெல்லாம் ஒன்பது குழிகளும் வாயைத் திறந்துகொண்டன. மிச்ச நேரத்துக்கு ஊர் ஆடித் தீர்த்தது.

பன்னிரண்டு மணிக்குக் கமிட்டி கூடியது. தலைவரோடு சேர்த்து ஏழு பேர். போர்டம்மா சுவரோரமாக நின்றாள். தலைவர் மண்டியிட்டதெல்லாம் சரி, அவர் ஒருத்தர் கையால் ஆகிவிடுமா?

“நடந்தது எல்லாருக்கும் தெரியும். எழுபத்திரண்டு பேர் வந்தாங்க. ஒன்பது குழியும் போச்சு” என்று ஒரு கமிட்டிக்காரர் ஆரம்பித்தார்.

“போர்டு எழுதினது நான். அவங்க படிச்சதைத்தான் செஞ்சாங்க. திட்டறதா இருந்தா என்னைத் திட்டுங்க, அவங்களை நிறுத்தாதீங்க” என்றாள் போர்டம்மா. செயலாளரின் பெயரை அவள் எடுக்கவே இல்லை.

கதவோரத்திலிருந்து புல்லுக்காரர் தொண்டையைக் கனைத்தார். கூட்டத்தில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

“ஐயா, ஒண்ணு சொல்லணும். பதினாறு வருஷமா நான் மணல் பெட்டியை நிரப்பறேன். நம்ம மெம்பருங்க ஒருத்தரும் அந்தப் பாட்டிலைத் தொடறதில்லை. மழை வந்தா மணல் கட்டி தட்டிப்போகும், நானே கொட்டிட்டு மாத்துவேன். இன்னைக்கு ஒரே காலையில பதினெட்டு பெட்டியும் காலி. மைதானம் பூரா நடந்து பார்த்துட்டு வர்றேன். ஒரு இடத்துல பெயர்ந்த மண்ணு திறந்து கிடக்கல. பழசு, புதுசு, நாய் தோண்டினது, எல்லாத்தையும் மூடியிருக்காங்க. அந்த ஒன்பது குழியைத் தவிர்த்துப் பார்த்தா, இந்த மண்ணுக்கு இத்தனை பேர் சேர்ந்து நல்லது பண்ண நாள் இன்னைக்குத்தான்.”

உறுப்பினர் அட்டை வைத்திருந்த ஏழு பேரும் மேசையைப் பார்த்தார்கள். ஏழு பேருக்கும் தங்கள் பையில் தொங்குகிற பாட்டில் ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும்.

தலைவர் கையைத் தூக்கினார். பக்கத்தில் இருந்தவர் தூக்கினார். ஒவ்வொன்றாக ஆறு கை. செயலாளர் மட்டும் பாக்கி. அவர் எழுந்து நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக எண்ணாமல் பேசினார்.

“அந்த அம்மா எந்தக் குழின்னு கேட்டாங்க. குழின்னா குழின்னு நான்தான் சொன்னேன். அவங்க எழுதினதை அப்படியே விட்டிருந்தா இது நடந்திருக்காது, இன்னைக்குக் காலையில இருந்து இதைச் சொல்லத் தைரியம் வராம உக்காந்திருந்தேன், என்னை மன்னிச்சுக்கணும்.” கை தூக்கினார்.

ஏழுக்கு ஏழு. வாராவாரம், ஞாயிறு காலை, எல்லாருக்கும். போர்டம்மா நன்றிகூடச் சொல்லவில்லை. வெளியே பாய்ந்தாள்.

கேன்டீனில் கண்டக்டரும் மெக்கானிக்கும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஊரில் பாதிப் பேர் புல்லில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். டிரைவரைக் காணோம். பெஞ்சுகளில் பார்த்தாள், லாக்கர் அறை வாசலில் நின்று கூப்பிட்டாள், பயிற்சி வலை வரைக்கும் ஓடினாள். இல்லை. யாராவது ஏதாவது சொல்லி விரட்டிவிட்டார்களோ என்று பதறிப்போய்க் கேட் பக்கம் பார்த்தால், மனுஷன் வெளியே நிற்கிறார். வெயிலில், தனியாக, சாலையோரத்தில்.

“இங்க ஏன் நிக்கிறீங்க?” மூச்சு வாங்கியது அவளுக்கு. “ஜெயிச்சாச்சு! ஏழு பேரும் கை தூக்கிட்டாங்க! இனிமே ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வரலாம்!”

அவர் முகம் மலர்ந்ததே, அதைப் பார்க்க இருபத்தாறு வருஷம் காத்திருக்கலாம்தான். “நெஜமாவா? என்னால கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன்மா.”

“உங்களாலதான் நடந்துது. யார் உங்களை வெளிய அனுப்பினது?”

“யாரும் அனுப்பல. பன்னிரண்டு வரைக்கும்தானே அனுமதி. மணி ஆனதும் வந்துட்டேன். மத்தவங்ககிட்டயும் சொன்னேன், யாரும் கேக்கல.” கடிகாரத்தைக் காட்டினார். பன்னிரண்டே முக்கால். “பரவாயில்ல, நீ போய் வேலையைப் பாரு. அடுத்த ஞாயிறு ஆறு மணிக்கு வர்றேன்.”

“அடுத்த ஞாயிறு இல்ல. இப்ப. டீ வாங்கித் தர்றேன். காலையில இருந்து குனிஞ்சுக்கிட்டே இருந்தீங்க, இன்னும் ஒண்ணையும் நீங்க சரியா பாக்கல. நான் காட்டணும். வாங்க.”

“மணி தாண்டிடுச்சேம்மா.”

“தாண்டட்டும்.”

“உள்ள யாராவது கேட்டா என்ன சொல்றது?”

“என் வீட்டுக்காரர்னு சொல்லுங்க” என்றாள் அவள். “அதுக்கு மேல எதுவும் வேண்டாம்.”

டிரைவர் சாலையை இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். உள்ளே வந்தார்.